டர்பனில் முதுநிலை மாணவர் மன்றத் தேர்தலில் நிற்பது எப்படி

ஆராய்ச்சிக்காக ஊரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து இறங்கும் தம்பி தங்கைகள் என்னிடம் நிறையக் கேட்பார்கள். நல்ல பொன்னி அரிசி எங்கே கிடைக்கும், விசா நீட்டிப்புக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்றெல்லாம். தேர்தலில் நிற்பது எப்படி என்று போன மாதம் வரை ஒருவரும் கேட்டதில்லை. போன மாதம் ஒரு பெண் கேட்டார், மாஸ்டர்ஸ் முதல் வருடம். அவருக்கு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே கோத்து எழுதுகிறேன். நான் இரண்டு முறை நின்றவன். முதல் முறை என் வேட்புமனுவே தள்ளுபடியாகிவிட்டது. இரண்டாம் முறை ஜெயித்து, ஒரு வருடம் முதுநிலை மாணவர் மன்றத்தில் வேலை பார்த்தேன்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர் நிற்கலாமா என்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் சந்தேகம். உங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் மன்ற விதிப்புத்தகத்தில் தகுதி என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். பொதுவாக அங்கே இருப்பது இவ்வளவுதான்: அந்த வருடத்துக்குப் பதிவு செய்த மாணவராக இருக்க வேண்டும், படிப்பில் பின்தங்கியிருக்கக் கூடாது, ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகியிருக்கக் கூடாது. குடியுரிமை கேட்கும் விதி எதையும் எங்கள் விதிப்புத்தகத்தில் நான் பார்க்கவில்லை. உங்களுடையதில் என்ன இருக்கிறது என்பதை நண்பர் சொன்னார் என்று நம்பாமல் நீங்களே படியுங்கள்.

எந்தப் பதவி, அதற்கு என்ன பலம்

மாணவர் பேரவையை இங்கே எல்லோரும் எஸ்.ஆர்.சி. என்றுதான் சொல்வார்கள். நிர்வாகம் மனது வைத்துக் கொடுத்த சங்கம் அல்ல அது. 1997-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் பிரிவு 35 அதைப் பற்றித்தான் பேசுகிறது. பேரவையில் யார் இருப்பது, எப்படித் தேர்ந்தெடுப்பது, எத்தனை காலம், என்ன வேலை என்பதையெல்லாம் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதிகளில் எழுதிவைக்க வேண்டும் என்கிறது. பல்கலைக்கழகத்தின் உச்ச அமைப்பான கவுன்சிலிலும், கல்வி விஷயங்களைத் தீர்மானிக்கும் செனட்டிலும் மாணவர்களுக்கு இடம் உண்டு. கவுன்சிலில் குறைந்தது 60 சதவீதம் பேர் அங்கே வேலை செய்பவராகவோ படிப்பவராகவோ இருக்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். அப்படியென்றால் அந்த மேசையில் மாணவர் குரல் எண்ணிக்கையில் சிறியது. கூட்டத் தாள்களைப் படித்து, கணக்கோடு போய்ப் பேசுகிறவர் சொல்தான் அங்கே எடுபடும்.

எஸ்.ஆர்.சி.க்குக் கீழே, அல்லது அதற்குப் பக்கத்தில், வேறு பதவிகளும் உண்டு. துறைப் பிரதிநிதி, ஃபேக்கல்டி மன்றம், விடுதிக் குழு, அப்புறம் முதுநிலை மாணவர்களுக்கென்றே ஒரு மன்றம். இந்தக் கடைசி அமைப்பின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் அது தனி மன்றம். சில இடங்களில் எஸ்.ஆர்.சி.யில் முதுநிலைக்கென்று ஒரு பொறுப்பு, அவ்வளவுதான். புதிதாக வந்தவர் முதலில் இங்கே நிற்பதுதான் நல்லது என்பேன். பெரிய பேரவையின் நேரமெல்லாம் இளநிலை மாணவர்களின் பணப் பிரச்சினையிலேயே போய்விடும், அது நியாயமும் கூட. என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு நிதியுதவி, குடும்ப வருமானம் வருடத்துக்கு 350,000 ரேண்டுக்குள் இருக்கும் பிள்ளைகளின் முதல் பட்டத்துக்குத்தான் பெரும்பாலும் போகிறது. அந்தப் பணம் தாமதமானால் பிப்ரவரியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தங்க இடமில்லாமல் நிற்பார்கள். அந்த அவசரத்துக்கு நடுவில், நெறியாளர் நான்கு மாதமாக என் அத்தியாயத்தைப் படிக்கவில்லை என்று ஒரு பிஎச்.டி. மாணவர் சொல்வது யார் காதிலும் விழாது. அதைக் கேட்பதற்கென்றே ஒருவர் வேண்டும்.

நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு விஷயம் தெரிந்திருக்காது. மூன்று வருடப் பட்டத்துக்குப் பிறகு வரும் ஒரு வருட ஆனர்ஸ் படிப்பையும் இங்கே முதுநிலையில்தான் சேர்ப்பார்கள். உங்கள் வாக்காளர்களில் அவர்கள் பெரிய கூட்டம். வருடம் முடிந்ததும் போய்விடுகிறவர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டாம் முறை எனக்கு விழுந்த வாக்குகளில் கணிசமான பங்கு வேதியியல் ஆனர்ஸ் வகுப்பிலிருந்து வந்தது.

எப்போது நிற்பது

கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். பல இடங்களில் தேர்தல் ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் வரும், பதவிக்காலம் ஒரு வருடம். டர்பனில் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்குள்ளவர்கள் பாரிட்ஜ் பிரேயர் என்பார்கள். கோயில்களில் அந்தக் கூழ்ப் பானைகளைப் பார்க்கும்போதே விதிப்புத்தகத்தை எடுத்துவிடுங்கள்.

எந்த வருடம் நிற்பது என்பதுதான் இதைவிடப் பெரிய கேள்வி. என்.ஆர்.எஃப். என்ற தேசிய ஆராய்ச்சி நிதியத்தின் உதவித்தொகை மாஸ்டர்ஸுக்கு அதிகபட்சம் இரண்டு வருடம், பிஎச்.டி.க்கு மூன்று வருடம். பணம் நிற்கப்போகும் வருடத்தில் பதவி ஏற்காதீர்கள். பிஎச்.டி. என்றால் முதல் வருடத்தின் இறுதியில் நின்று இரண்டாம் வருடம் பொறுப்பில் இருப்பது தோதாக இருக்கும். மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கு நாள் குறைவு. முதல் வருட ஆகஸ்டை விட்டால் அடுத்த ஆகஸ்டில் ஆய்வேட்டின் நடுவில் மூச்சு முட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நிற்பதற்கு முன் உங்கள் நெறியாளரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்பது போல வேண்டாம், தகவல் சொல்வது போலச் சொன்னால் போதும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போகும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். எனக்குச் சாதாரண வாரத்தில் ஏழெட்டு மணி நேரம் போனது, போராட்டம் நடந்த வாரங்களில் நாள் முழுவதும். பதவிக்கு மாதப்படி ஏதாவது உண்டென்றால், அது உங்கள் உதவித்தொகை நிபந்தனைக்கும் படிப்பு விசா நிபந்தனைக்கும் ஒத்துவருமா என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் காது கொடுங்கள்

நான் சொல்லவந்ததில் முக்கியமான பகுதி இதுதான். முதுநிலை மாணவர்கள் வாக்களிப்பதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அவர்களைத் தேடி யாரும் போவதில்லை என்பதே காரணம் என்று நான் நினைக்கிறேன். இளநிலை மாணவர்களை ஒரே அரங்கில் முந்நூறு பேராகப் பிடிக்கலாம். முதுநிலை மாணவர் இரண்டாம் மாடி ஆய்வகத்தில் ஒருவர், நூலகத்தின் கோடி மேசையில் ஒருவர், வேலை முடித்துவிட்டு ராத்திரி மட்டும் வரும் ஒருவர் என்று சிதறிக் கிடப்பார். அவரவர் இடத்துக்கு நடந்தே போக வேண்டும்.

வேட்புமனு வாங்குவதற்கு முன்பே மூன்று வாரம் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தோடு நான் சுற்றினேன். வாக்குக் கேட்கவில்லை. இந்த வருடம் உங்கள் வேலை எந்த இடத்தில் தடைப்பட்டது என்ற ஒரே கேள்விதான். கட்டணம் என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். உயிரியல் ஆய்வகத்தில் ஜூலு இனத்து அக்கா ஒருவர், பிஎச்.டி. மூன்றாம் வருடம், தன் மேசையில் ஒட்டியிருந்த பஸ் அட்டவணையைக் காட்டினார். வளாகங்களுக்கு இடையே ஓடும் கடைசி பஸ் இரவு ஒன்பதரைக்கு. அவர் வைக்கும் பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை முடியும்போது பத்தேகால். நடுவில் நிறுத்தினால் நாள் முழுவதும் செய்த வேலை வீண். நிறுத்தாவிட்டால் மறுநாள் காலை வரை ஆய்வகத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இருட்டில் தனியாக நடக்க வேண்டும். வாரத்தில் இரண்டு இரவு நாற்காலியிலேயே தூங்குவதாகச் சொன்னார். நாற்காலிக்குப் பின்னால் ஒரு போர்வை மடித்து வைத்திருந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். வேறு வேறு துறைகளில் பதினோரு பேர் அதே பஸ்ஸைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். என் தேர்தல் அறிக்கையின் முதல் வரி அன்றைக்கே கிடைத்துவிட்டது.

உங்கள் வளாகத்தில் அது வேறு ஏதாவதாக இருக்கும். ஆய்வு அறநெறிக் குழுவின் ஒப்புதல் மாதக்கணக்கில் இழுப்பது, விசா அலுவலகத்துக்குத் தேவையான பதிவுக் கடிதம் நேரத்துக்கு வராதது, உட்கார்ந்து எழுத மேசை இல்லாதது. பெரிதாக இருக்க வேண்டியதில்லை. யார் கையெழுத்துப் போட்டால் தீரும் என்று உங்களால் சுட்டிக்காட்ட முடிய வேண்டும்.

வேட்புமனு

என் முதல் மனு தள்ளுபடியான கதையைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அது நடக்கக் கூடாது. மனுவில் முன்மொழிபவர், வழிமொழிபவர் தவிர ஆதரவாளர்கள் பத்துப் பேரின் கையெழுத்தும் மாணவர் எண்ணும் கேட்டிருந்தார்கள். சரியாகப் பத்துப் பேரிடம் வாங்கிக்கொண்டு கடைசி நாள் மாலை மூன்றரைக்குப் போய்க் கொடுத்தேன். தேர்தல் அதிகாரி ஒவ்வொரு எண்ணாகத் தட்டிப் பார்த்தார். ஏழாவது எண்ணில் நின்றார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கையெழுத்துப் போட்ட நண்பருக்குக் கட்டண பாக்கி இருந்ததால் அந்த வருடப் பதிவு முடியவில்லை. அதனால் அவர் கையெழுத்து கணக்கில் வராது. நான்கு மணிக்குக் கதவை மூடினார்கள். அரை மணி நேரத்தில் இன்னொரு முதுநிலை மாணவரைப் பிடித்துவர என்னால் முடியவில்லை.

அதனால் கேட்டதைவிட நான்கைந்து கையெழுத்து கூடுதலாக வாங்குங்கள். போடுகிறவரிடம் இந்த வருடப் பதிவு முடிந்ததா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், அவர் மாணவர் அட்டையைப் பார்த்து எண்ணை நீங்களே எழுதுங்கள். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குத் தேதியும் நேரமும் போட்ட ரசீது வாங்குங்கள். உங்கள் கட்டணக் கணக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்சியா, சுயேச்சையா

இங்கே மாணவர் அரசியல் நாட்டு அரசியலோடு நேரடியாகச் சேர்ந்தது. 1991-இல் உருவான சாஸ்கோ என்ற மாணவர் அமைப்பு மண்டேலாவின் கட்சியான ஏ.என்.சி.யின் பக்கம் நிற்கும். இ.எஃப்.எஃப். கட்சிக்கு மாணவர் அணி உண்டு, டி.ஏ. கட்சிக்கு டாசோ, டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ஐ.எஃப்.பி. கட்சியின் சடெஸ்மோ. பெரிய எஸ்.ஆர்.சி. இடங்களுக்கு இவர்கள்தான் மோதிக்கொள்வார்கள். முதுநிலை மன்றத்தில் சுயேச்சைகளுக்கு இடம் இருக்கிறது, வெளிநாட்டு மாணவருக்கு அதுதான் பொருத்தமும் கூட. ஆனால் சுயேச்சை என்றால் யாரோடும் பேசாமல் இருப்பது என்று அர்த்தமில்லை. எல்லா அணிக்காரர்களையும் போய்ப் பாருங்கள். ஜெயித்த பிறகு அவர்களோடுதான் ஒரே மேசையில் உட்காரப்போகிறீர்கள்.

இந்த அரசியலை நம் ஊர்க் கல்லூரித் தேர்தலோடு ஒப்பிட்டு எடை போடாதீர்கள். அதன் வேர் ஆழமானது. நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பிகோ 1966-இல் இதே டர்பனில் நட்டால் பல்கலைக்கழகத்தின் கறுப்பர் பிரிவில் மருத்துவம் முதல் வருடம் படிக்கும்போதே எஸ்.ஆர்.சி.க்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1969-இல் அவர் தலைமையில் தொடங்கிய சாசோ என்ற மாணவர் அமைப்பில் நம் டர்பன் இந்தியர்களான சத்ஸ் கூப்பரும் ஸ்ட்ரினி மூட்லியும் முன்வரிசையில் நின்றார்கள். இருவரும் ராபன் தீவில் சிறையிருந்தவர்கள். இந்தியப் பிள்ளைகளை 1961-இல் தனியாகப் பிரித்து, துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவின் பழைய கடற்படைக் கட்டடங்களில் ஒரு கல்லூரி வைத்துப் படிக்கச் சொன்ன ஊர் இது. 2015 அக்டோபரில் ஜோஹன்னஸ்பர்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் கட்டணம் 10.5 சதவீதம் உயரும் என்றபோது, பதவி முடியப்போகிற எஸ்.ஆர்.சி. தலைவர் ஷயீரா கல்லாவும், அடுத்து வரவிருந்த தலைவர் நொம்பென்டுலோ ம்கட்ஷ்வாவும் சேர்ந்தே வாசலில் நின்றார்கள். அந்தப் போராட்டம் நாடு முழுவதும் பரவி, 23-ஆம் தேதி அடுத்த வருடத்துக்குக் கட்டண உயர்வே இல்லை என்று குடியரசுத் தலைவர் அறிவித்தார். வாக்குக் கேட்டுப் போகும்போது இதெல்லாம் தெரிந்த ஒருவராகப் போங்கள்.

பிரசாரம்

அறிக்கை ஒரு பக்கம் போதும். கட்டணத்தைக் குறைப்பேன் என்று எழுதாதீர்கள், அது உங்கள் மன்றத்தின் கையில் இல்லை. எழுதிய ஒவ்வொரு வரியிலும் எந்த அலுவலகத்தில் போய் நிற்பீர்கள் என்பது தெரிய வேண்டும். என் அறிக்கையில் மூன்று விஷயம்தான் இருந்தது. மூன்றாவதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை, பஸ்ஸைப் பற்றிய வரியை மட்டும் எல்லோரும் நினைவு வைத்திருந்தார்கள்.

ஜூலு மொழியில் நாலு சொல்லாவது கற்றுக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 6-ஆம் பிரிவு மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நம் மொழிக்கு அந்த இடத்தைக் கொடுத்த நாட்டில், பக்கத்து மேசைக்காரரின் மொழியில் ஒரு வணக்கம் சொல்லத் தெரியாமல் வாக்குக் கேட்பது அழகில்லை. ஒருவருக்கு சாவுபோனா, பலருக்கு சனிபோனானி. யெபோ என்று பதில் வரும். வேண்டிக் கேட்பதற்கு ஙிசெலா. அதில் நடுவில் வருவது நம் 'செ' இல்லை. பரிதாபப்படும்போது நாக்கை முன்பல்லில் ஒட்டி 'உச்' கொட்டுவோமே, அந்த ஒலி. நம் வாய்க்கு அது ஏற்கெனவே தெரியும், சொல்லுக்கு நடுவில் வைக்கத்தான் பழக வேண்டும். நான் அதைச் சரியாகச் சொன்ன அன்று அந்த உயிரியல் அக்கா எழுந்து வந்து கை கொடுத்தார்.

தமிழர் வாக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ஊரிலிருந்து வந்த நாம் எண்ணிக்கையில் கொஞ்சம். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வீட்டு மொழி ஆங்கிலம். நாயுடு, கோவிந்தர் என்ற குடும்பப் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசி அவர்களைச் சங்கடப்படுத்தாமல், ஒரு வணக்கத்தோடு விஷயத்துக்கு வாருங்கள். அவர்களுக்கும் பஸ்தான் பிரச்சினை.

உணவு கொடுத்து வாக்குக் கேட்பதில் கவனம் தேவை. நான் குடியிருந்த சாட்ஸ்வொர்த் வீட்டு ஆன்ட்டி, என் பையன் தேர்தலில் நிற்கிறான் என்று தெருவுக்கே சொல்லிவிட்டு, இருநூறு சமோசா சுட்டுத் தருகிறேன் என்று கிளம்பினார். தேர்தல் அதிகாரியிடம் கேட்டேன். பிரசார நாட்களில் வேட்பாளர் பெயரில் எதுவும் விநியோகிக்கக் கூடாது என்றார். ஆன்ட்டிக்கு மனசே கேட்கவில்லை. முடிவு வந்த மறுநாள், தோற்றவர்களையும் சேர்த்து எல்லோருக்கும் அந்தச் சமோசா போனது. போஸ்டர் எங்கே ஒட்டலாம், எவ்வளவு செலவு செய்யலாம், வகுப்பில் பேச யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் இப்படியே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

வேட்பாளர்கள் மேடையேறும் மாலையில் பாட்டும் கைதட்டலும் டோயி-டோயி என்ற போராட்ட ஆட்டமும் இருக்கும். நீங்கள் பேசும்போது எதிரணி பாடினால் அது உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இங்கே மேடைப் பேச்சோடு பாட்டும் சேர்ந்தே வரும். பாடி முடிக்கட்டும், காத்திருங்கள். அப்புறம் இரண்டு நிமிடத்தில் ஒரே விஷயத்தைச் சொல்லி இறங்குங்கள்.

வாக்குப்பதிவு நாள்

பல இடங்களில் இப்போது ஆன்லைனில்தான் வாக்களிக்கிறார்கள், இணைப்பு பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு வரும். முதுநிலை மாணவர் பலர் அந்த மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை, கடவுச்சொல்லும் காலாவதியாகியிருக்கும். வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பே, யாருக்கு வாக்களித்தாலும் சரி, உள்ளே நுழைய முடிகிறதா என்று பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே போங்கள். முடியாதவர்களைக் கணினி உதவி மையத்துக்கு அனுப்புங்கள். இன்னொருவர் கடவுச்சொல்லை வாங்கி நீங்கள் வாக்குப் போட்டுக்கொடுக்கும் வேலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், அதோடு எல்லாம் போய்விடும். குறைந்தபட்ச வாக்குப்பதிவு இல்லையென்றால் தேர்தல் செல்லாது என்ற விதி சில இடங்களில் உண்டு. அங்கே உங்கள் எதிராளியின் ஆதரவாளர் வாக்களிப்பதும் உங்களுக்கு நல்லதுதான்.

முடிவில் சந்தேகம் இருந்தால் ஆட்சேபணை கொடுக்கக் கெடு இருக்கும், அது மிகக் குறுகியது. விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயித்த பிறகு

முதல் வாரமே பழைய மன்றத்திடமிருந்து கடந்த வருடக் கூட்டக் குறிப்புகளை வாங்குங்கள். எந்தெந்தக் குழுவில் முதுநிலை மாணவருக்கு இடம் இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். பாதி இடங்கள் ஆள் போகாமலே காலியாகக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். பஸ் விஷயம் போக்குவரத்துக்கான குழுவில் இருந்தது, அந்த நாற்காலியில் இரண்டு வருடமாக ஒருவரும் உட்காரவில்லை. நோட்டிலிருந்த பதினோரு பேரின் நேரக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். முதல் கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவது கூட்டத்தில் ஓட்டுநர்களின் வேலை நேரக் கணக்கைக் கேட்டு வாங்கினோம். ஏழு மாதம் கழித்து திங்கள் முதல் வியாழன் வரை இரவு பதினொரு மணிக்கு ஒரு பஸ் விட்டார்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் கிடைக்கவில்லை, எனக்கு அடுத்து வந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நெறியாளரோடு பிரச்சினை என்று வருகிறவர்கள் சொல்வதை அவர்கள் அனுமதியில்லாமல் எங்கேயும் எழுதாதீர்கள், யாரிடமும் பெயர் சொல்லாதீர்கள். ஒரு வார்த்தை தப்பிப் போனாலும் அவர் பட்டமே சிக்கலாகிவிடும்.

கேள்வி கேட்ட அந்தப் பெண் நேற்று ராத்திரி ஒரு படம் அனுப்பியிருந்தார். அவருடைய வேட்புமனு. பத்துக் கையெழுத்து கேட்ட இடத்தில் பதினான்கு இருந்தது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலில் ஒரு சின்ன டிக்.